பள்ளிக்கு வளைவு கட்டலாமா, வேறு ஏதாவது செய்யலாமா? முன்னாள் மாணவர்கள் யோசனை சொல்லுங்கள்

வேளிமலை · ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் 1999-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் நாங்கள். கொரோனா நேரத்தில் ஒரு வாட்சப் குழு ஆரம்பித்தோம். குட் மார்னிங்கும் பிறந்தநாள் கேக்குமாக ஓடிக்கொண்டிருந்த குழுவில் இந்த வருடம் ஒரு சந்திப்பு நடத்தலாம் என்று பேச்சு எழுந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பைசாவும் சேர ஆரம்பித்துவிட்டது. வளைகுடாவில் இருப்பவர்கள் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் தகராறு.

பெரும்பாலானவர்களுக்குப் பள்ளி வாசலில் ஒரு வளைவு கட்ட ஆசை. எங்கள் பேட்ச் வருடத்தையும் எல்லார் பெயரையும் கல்லில் வெட்டிப் பதிக்க வேண்டுமாம். மயிலாடியில் ஒரு கல் பட்டறையில் விலைகூடக் கேட்டாயிற்று.

கணக்கு என் கையில் இருப்பதால் தலைமை ஆசிரியையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வளைவு என்றதும் அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பத்தாம் வகுப்புக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோம் சார். மத்தியானம் சாப்பிட்டதோடு சரி, அஞ்சு மணிக்கெல்லாம் பிள்ளைகள் பசியில் டெஸ்கில் தலையைச் சாய்த்துவிடுகிறார்கள். ஒரு சுண்டலுக்கு ஏதாவது வழி உண்டா?" என்று மட்டும் கேட்டார். குழுவில் வந்து சொன்னேன். "இத்தனை வருசம் கழிச்சு ஊருக்குப் போய் சுண்டல் வாங்கிக் கொடுத்தோம்னா வெளியே சொல்ல முடியுமாலே?" என்று ஒருத்தன் சிரித்தான். அவனுக்கு முப்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளிகளில் என்ன செய்தீர்கள்? எது நின்றது, எது வீணாகப் போனது? தெரிந்தால் சண்டை போடவாவது வசதியாக இருக்கும்.

குலசேகரம்_ரப்பர் · ஞாயிறு இரவு 9.48

வளைவு வேண்டாம் என்று எல்லாரும் வரிசையாக வந்து சொல்லப் போகிறார்கள். அதனால் நான் மறுபக்கம் பேசிவிடுகிறேன்.

நம்ம மாவட்டத்தில் கோயிலுக்கு வளைவு இருக்கிறது, சர்ச்சுக்குக் குருசடி இருக்கிறது, பள்ளிவாசலுக்கு மினாரா இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்குக்கூட யானைத் தலை வைத்த வாசல் இருக்கிறது. சர்க்கார் பள்ளிக்கூடம் மட்டும் துருப்பிடித்த கேட்டோடு நிற்க வேண்டுமா? எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் மெட்ரிக் வேனில் ஏறிப் போவதற்குப் படிப்பு மட்டும் காரணம் இல்லை. பார்வைக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்று தாய் தகப்பன் நினைக்கிறார்கள். அதில் தப்பு இல்லை.

இன்னொன்று, பெயர் போட்டால்தான் பைசா வரும். கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மற்றபடி பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒட்டுப்பால் பந்து, அதாவது காய்ந்த ரப்பர் பாலில் செய்த பந்து. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் விடியுமுன் அப்பாவோடு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அவர் வெட்டிக்கொண்டே போவார், நாங்கள் பின்னாலேயே சிரட்டையைத் துடைத்து வைப்போம். முதல் பீரியடில் விரலில் காய்ந்திருக்கும் பாலை உரித்து உருட்டிக்கொண்டே பாடம் கேட்பது. வெட்டுப்பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து, இழுத்து இழுத்துச் சுற்றி ஒரு பந்து செய்தோம். முதலில் எலுமிச்சை அளவு, அரையாண்டுக்குள் தேங்காய் அளவு. தரையில் போட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதை வைத்துதான் கிரிக்கெட். அது யார் வீட்டுக்கும் போகாது, வகுப்பு அலமாரிக்குப் பின்னாலேயே இருக்கும். நாற்றம் தாங்காமல் அறிவியல் டீச்சர் ஒரு நாள் கிணற்றில் போட்டுவிட்டார். அதுவும் முங்கவில்லை, மிதந்துகொண்டே கிடந்தது.

மார்த்தாண்டம்_டீச்சர் · ஞாயிறு இரவு 10.30

தம்பி, ஓய்வு பெற்ற ஆசிரியை என்ற முறையில் முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளி வளாகத்தில் நீங்களாக ஒரு செங்கல்லும் வைக்க முடியாது, துறை அனுமதி வேண்டும். வளைவு ரோட்டுப் பக்கம் வந்தால் அது வேறு அலுவலகம், வேறு அலைச்சல். பைசாவைத் தலைமை ஆசிரியர் கையில் கொடுப்பதும் வேண்டாம். அது அவருக்குத்தான் தொந்தரவு, நாளைக்கு ஆடிட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வந்தது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2024-ல் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் தந்தார்கள். உங்கள் பேட்சில் உள்ளூரில் இருக்கிற யாராவது அதில் போய் உட்காருங்கள். தீர்மானம் போட்டுச் செய்தால் யாரும் விரல் நீட்ட முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறது. 2022 டிசம்பரில் அரசு தொடங்கியது. பள்ளியைத் தேர்ந்தெடுத்து ஆன்லைனிலேயே கட்டலாம்.

இனி சுண்டல். சிரித்தவர்கள் ஒரு நாள் சாயங்காலம் அந்த வகுப்பில் போய் இருந்து பார்க்க வேண்டும். சத்துணவு மத்தியானத்தோடு முடிந்தது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை காலையில் கட்டன் சாயாவும் ஒரு பன்னும் தின்றுவிட்டு வந்திருக்கும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, அந்தப் பக்கத்து பஸ்ஸையும் விட்டுவிட்டால் வீடு போய்ச் சேர ஏழு மணி. அந்த நேரத்தில் நான் முக்கோணவியல் நடத்தியிருக்கிறேன். எனக்கே பசிக்கும்.

ஆனால் ஒன்று, சுண்டல் என்றால் கடலையை மட்டும் நினைக்காதீர்கள். சிறுபயறு அவித்துத் தேங்காய் துருவிப் போட்டு, தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்னும்.

மஸ்கட்_மச்சான் · திங்கள் அதிகாலை 1.05

டீச்சர் சொன்னதைப் படித்து இந்த நேரத்தில் எனக்குப் பயறும் கருப்பட்டியும் வேண்டும் போல இருக்கிறது. இங்கே எங்கே போவேன்?

வேளிமலை, வெளிநாட்டில் இருப்பவனின் மனதையும் கொஞ்சம் யோசியும். நான் லீவில் வந்தால் மூன்று வாரம். அதில் பள்ளிக்கூடம் பக்கம் ஒரு தடவை வண்டியில் போவேன். கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது இருந்தால் பிள்ளைகளிடம் காட்டலாம். பயறு அவித்துக் கொடுத்ததை எங்கே போய்க் காட்ட?

முட்டம்_கரை · திங்கள் காலை 7.20

> கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது இருந்தால் பிள்ளைகளிடம் காட்டலாம்.

மச்சான், எங்கள் கடற்கரைப் பக்கம் நாங்கள் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். அதுவும் ஒரே வருடத்தில் பிய்ந்து போகிற சாமான்தான்.

எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்து உதைக்கப் பழகுகிறவர்கள். தூத்தூர் பக்கம் போனால் இன்னும் அதிகம், அங்கே கால்பந்து இல்லாமல் ஒரு திருவிழா கிடையாது. எல்லாம் மணலில், வெறுங்காலில். குறுவட்டப் போட்டிக்குப் போனால் பூட்ஸ் போடாமல் இறங்க விடமாட்டார்கள். பி.டி. சார் அங்கே இங்கே இரவல் வாங்கி வருவார். அளவு சரியாக இருக்காது. எங்கள் காலத்தில் ஒருத்தன் முன்பாதி முழுக்க நொண்டி நொண்டி ஓடினான். இடைவேளையில் கழற்றிப் பார்த்தால் இரண்டு கட்டைவிரலும் பொக்களம். பஞ்சை வைத்துக் கட்டி, அவனைவிடச் சின்னக் கால்காரனுக்கு அதே பூட்ஸை மாட்டி இறக்கினோம். ஜெயித்தோம் என்று எழுதத்தான் ஆசை. தோற்றோம்.

இப்போது எங்கள் பேட்ச் வருடா வருடம் செய்வது இரண்டே காரியம். புதுசாகப் பூட்ஸ் வாங்குவது, வேன் வாடகை கட்டுவது. குறுவட்டம் தாண்டி மாவட்ட அளவுக்குப் போனால் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் வரை போய் வர வேண்டும். முன்பெல்லாம் அது சாரின் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்து சொன்னதே இல்லை, அவர் வீட்டம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று தெரியாமல் ஊர் ஊராகக் கரையில் உட்கார்ந்திருந்தோம். உள்நாட்டில், அதாவது கடற்கரையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்களில், வாழையும் ரப்பரும் அடியோடு சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லை. பள்ளி திறந்த அன்று என் தம்பி மகன் ஒன்பதாம் வகுப்பு. அவன் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் அப்பாமார் திரும்பவில்லை. முதல் அரிசிச் சாக்கு வந்தது வாழைத்தோட்டம் மொத்தமும் போன ஒரு உள்நாட்டுப் பையன் வீட்டிலிருந்து. யாரும் அறிவிப்புக் கொடுக்கவில்லை, உண்டியல் வைக்கவில்லை. அவன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான், அவ்வளவுதான். மறுநாள் வகுப்பே கொண்டுவந்தது.

தோவாளைப்பூ · திங்கள் காலை 11.15

ஆண்கள் எல்லாரும் உருகி உருகி எழுதுகிறீர்கள். எனக்கும் பள்ளியைப் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒற்றுமை என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் பிள்ளைகள் வகுப்பைப் பெருக்கித் துடைப்பது. ஆண் பிள்ளைகள் ஆசிரியர் அறைக்கு சாயா வாங்கிவரப் போவார்கள், அது அவர்களுக்கு வெளியே சுற்ற ஒரு சாக்கு. பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், சாவி ஆசிரியர் அறையில் தொங்கும். போய்க் கேட்க வெட்கம். நாலு பேர் சேர்ந்து பள்ளிக்குப் பின்னால் ஒரு பாட்டி வீட்டுக்குப் போவோம். அந்தப் பாட்டி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பத்தாம் வகுப்பு முடியும் வரை அவர் வீட்டுக் கொல்லைப்புறம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதி.

ஓணத்துக்கு முந்தின வாரம் எங்கள் ஊரில் யாரும் தூங்கமாட்டார்கள். கேரளாவுக்குப் பூ போக வேண்டும். விடிய விடியத் தொடுத்துவிட்டு, விரலில் நாரின் தழும்போடு வகுப்பில் வந்து உட்காருவோம். காலாண்டுப் பரீட்சையும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். எங்கள் பெஞ்சில் ஒரு ஏற்பாடு இருந்தது. இரண்டு பேர் தூங்கலாம், மற்ற இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்து மறைக்க வேண்டும், அடுத்த பீரியடில் மாற வேண்டும். ஆசிரியர்கள் கற்றுக்கொடுக்காத ஒற்றுமை அது.

வேளிமலை அண்ணே, வளைவும் வேண்டாம், முதலில் சுண்டலும் வேண்டாம். கழிப்பறையைக் கழுவ ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடம் புதிதாகக் கட்டியிருப்பார்கள், டைல்ஸ் பளபளக்கும். துப்புரவுக்கு ஆள் இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் பூட்டுத்தான். நாப்கின் எரிக்கும் மெஷின் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் உங்கள் பேட்ச் பெண்களை அனுப்புங்கள். குழுவில் பெண்கள் இருக்கிறார்கள்தானே?

வேளிமலை · திங்கள் மதியம் 1.40

இருக்கிறார்கள். பேசுவது குறைவு. எங்களில் பலர் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் குழுவில் பேச ஆரம்பிப்போம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்கச் சொல்கிறேன்.

நிர்வாகி · திங்கள் மதியம் 2.00

பள்ளியின் பெயர், ஆசிரியர் பெயர் யாரும் போட வேண்டாம். இரண்டு பதிவுகளைத் திருத்தியிருக்கிறேன். ஒட்டுப்பால் பந்தைக் கிணற்றில் போட்ட டீச்சர் யார் என்று தனிச்செய்தியில் ஊகிப்பதையும் நிறுத்துங்கள்.

இரணியல்_அம்மா · திங்கள் மாலை 6.25

என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. இப்போது நடப்பதையும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் வருகிறேன்.

2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' என்று தொடங்கினார்கள். பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்தார்கள். ஆசிரியர்களும் அதில் பங்கு. எங்கள் காலத்தில் பெரிய கான்வென்ட்களில் மட்டும் ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று இருக்கும், நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். இப்போது நம் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

என் மகளுக்குப் பாலை விழுந்தது. அன்றைக்கு வீட்டில் ஒரே அழுகை. "நம்ம மாவட்டத்துல மலை இருக்கு, காடு இருக்கு, வயல் இருக்கு, கடல் இருக்கு. பாலை மட்டும்தான் இல்ல. அதப் போய் எனக்குத் தந்துட்டாங்க" என்று. கடற்கரைப் பையன் குறிஞ்சியில், மலையோரம் கீரிப்பாறை பக்கத்துப் பிள்ளை நெய்தலில். சரி, குலுக்கிப் போட்டால் அப்படித்தான் வரும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பாலைதான் எங்கள் வீட்டுச் சாமி. குறிஞ்சிக்காரர்கள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் போனதையெல்லாம் இராத்திரி சோறு தின்னும்போது வந்து கோள் சொல்கிறாள்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால் ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒரே ஆட்கள் சேர்ந்து திரிவது கொஞ்சம் கலைந்திருக்கிறது. நாங்குநேரி நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. 2023-ல் அங்கே ஒரு பள்ளிப் பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் கலர் கயிறு வேண்டாம், வகுப்பில் பெயரின் அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் 2024-ல் சொன்னது. நம் மாவட்டத்தில் அந்த அளவுக்கு இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். மதிய நேரத்தில் யார் யாரோடு டப்பா திறக்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள், பிறகு பேசலாம்.

குறைச்சலும் சொல்ல வேண்டுமே. புள்ளி போடுகிறோம், பரிசு கொடுக்கிறோம் என்று சொன்னார்கள். பரிசு வாங்கப் பைசா ஆசிரியர் கையிலிருந்துதான். கலைத் திருவிழாவுக்கும் அதே கதை. என் மகள் குழு வில்லுப்பாட்டு. வில்லும் குடமும் உடுக்கும் ஊர்க் கோயில் குழுவிடம் கெஞ்சி வாங்கினோம். நல்லவேளை அது கோயில் கொடைத் திருவிழா மாதம் இல்லை, இல்லாவிட்டால் கிடைத்திருக்காது. வட்டார அளவில் ஜெயித்து மாவட்டத்துக்குப் போக வேன் பிடிக்க வேண்டும். வில்லைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியுமா? கண்டக்டர் ஏற்றவில்லை.

முட்டம்_கரை · திங்கள் மாலை 6.50

இரணியல் அக்கா, வேன் நம்பர் தனிச்செய்தியில் போட்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் என்றால் குறைத்துத்தான் வாங்குவார். வில்லை மேலே கட்டிக்கொள்ளலாம், நாங்கள் பந்து வலையை அப்படித்தான் கொண்டுபோவோம்.

பழையாறு · திங்கள் இரவு 8.30

நான் 1982-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன். இங்கே இருப்பவர்களில் மூத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வருடம் மாசிக் கொடை நேரத்தில் மண்டைக்காட்டில் என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம், துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு. அன்றுவரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போக முடியாது என்று ஆகிவிட்டது. பள்ளி திறந்தபோது கடற்கரைப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. ஹால் டிக்கெட் வந்து ஆபீசில் கிடக்கிறது.

எங்கள் கணக்கு சார் ஹால் டிக்கெட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இன்னொரு பையனையும் கூப்பிட்டார். மூன்று பேருக்கும் இரண்டு சைக்கிள். ரோட்டோரத்துச் சாயாக்கடையில் ஒருத்தர், "சார், பிள்ளையளையும் கூட்டிட்டு இப்போ அங்க போகாதீங்க" என்றார். சார் சாயா குடித்து முடித்தார், காசு கொடுத்தார், சைக்கிளை எடுத்தார். ஊருக்குள் நுழையும்போது எனக்கு முதுகெல்லாம் வியர்வை. முதல் வீட்டில் எங்கள் வகுப்புப் பையனின் அம்மா வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். சார் ஒவ்வொரு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கொடுத்தார். மற்ற பேச்சு ஒன்றும் பேசவில்லை, பரீட்சை மையத்துக்கு எந்த வழியாக வர வேண்டும் என்பதை மட்டும் எல்லாரிடமும் சொன்னார்.

பெரும்பாலானவர்கள் வந்து எழுதினார்கள். இரண்டு பேர் வரவில்லை. அவர்களை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

இனி வளைவு விஷயம். எங்கள் பேட்ச் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் போட்டுக் கொடுத்தோம். எம்.எல்.ஏ. வந்தார், ரிப்பன் வெட்டினார், பேப்பரில் போட்டோ வந்தது. இரண்டாம் கோடையில் மோட்டார் எரிந்துபோனது. மோட்டாருக்குள் புதிதாகக் கம்பி சுற்ற யாரிடமும் பைசா இல்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் முதல் நாளே செலவழித்துவிட்டோம். எங்கள் பெயர் வெட்டிய கல் மட்டும் இப்போதும் நன்றாக இருக்கிறது.

குலசேகரம்_ரப்பர் · திங்கள் இரவு 8.52

அண்ணாச்சி, கடைசி வரியில் என்னைத்தானே குத்துகிறீர்கள்? சரி, வாங்கிக்கொண்டேன். ஆனாலும் கேட்டுக்குப் பெயின்டாவது அடிக்க வேண்டும் என்ற என் கட்சியில் மாற்றம் இல்லை.

மார்த்தாண்டம்_டீச்சர் · திங்கள் இரவு 9.15

பெயின்ட் அடிக்கலாம், அதற்குப் பெரிய பைசா ஆகாது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அடியுங்கள். தோவாளைப்பூ கோபிக்காதபடி ஆண் பிள்ளைகள் கையில் துடைப்பத்தையும் கொடுங்கள்.

விளவங்கோடு பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் பக்கம் மலையாள வகுப்புகள் நடந்தன, இன்றும் சில பள்ளிகளில் நடக்கின்றன. ஒரே வராந்தாவில் இந்த அறையில் திருக்குறள், அடுத்த அறையில் மலையாளப் பாட்டு. ஓணத்துக்கு அத்தப்பூ போடுவதில் தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகள் எப்போதும் ஜெயிப்பார்கள், பொங்கலுக்கு உறியடியில் மலையாளப் பிரிவு ஜெயிக்கும். காரணம் கேட்காதீர்கள், எனக்கும் பிடிபட்டதே இல்லை. இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே கணக்கு டீச்சர் நான். பிதாகரஸ் தேற்றம் எந்த மொழியிலும் விளங்காத பிள்ளைகள் இரண்டு பக்கமும் சமமாக இருந்தார்கள்.

தோவாளைப்பூ · திங்கள் இரவு 9.22

> ஆண் பிள்ளைகள் கையில் துடைப்பத்தையும் கொடுங்கள்

டீச்சர், நீங்கள் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கலாம்.

வேளிமலை · சனி இரவு 8.05

ஒரு வாரமாக இங்கே வரமுடியவில்லை. இந்த இழையை மொத்தமாகக் குழுவில் போட்டேன். பழையாறு அண்ணாச்சியின் மோட்டார் கதையைப் படித்துவிட்டு நாங்கள் மயிலாடிக்காரருக்குக் கொடுக்க இருந்த முன்பணத்தை நிறுத்திவிட்டோம்.

இன்று காலை எங்கள் பேட்ச் பெண்கள் மூன்று பேர் பள்ளிக்குப் போய்வந்தார்கள். தோவாளைப்பூ சொன்னது அப்படியே சரி. கழிப்பறை மூன்று, ஓடுவது ஒன்று. துப்புரவுக்கு ஒரு அம்மா வாரத்தில் சில நாள் வருகிறார், அவருக்குக் கொடுக்கும் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை. நாப்கின் மெஷினுக்கு ஒரு கம்பி போயிருக்கிறது, எலக்ட்ரீஷியன் எங்கள் பேட்சிலேயே இருக்கிறான், திங்கட்கிழமை போகிறான். இத்தனை நாள் எங்கள் மொத்தப் பேருக்கும் இது தெரியாது. அந்த அம்மா எங்களில் ஒருத்தியைப் பார்த்து, "நீ இங்க படிச்ச பிள்ளதானே" என்று கேட்டிருக்கிறார்.

இப்போதைக்குப் பேசி வைத்திருப்பது இது. கேட்டைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம், குலசேகரம் அண்ணன் நிம்மதியாகத் தூங்கலாம். மதிலில் ஒன்றரை அடிக்கு ஒரு கல், அதில் பேட்ச் வருடம் மட்டும், பெயர்கள் கிடையாது. மஸ்கட், துபாய்க்காரர்களை இதற்குச் சம்மதிக்க வைக்க ஒரு மணி நேரம் வீடியோ கால் ஆனது. மிச்சத்தைத் துப்புரவு அம்மாவின் சம்பளத்துக்கும் சாயங்காலப் பயறுக்குமாகப் பிரித்து மேலாண்மைக் குழு மூலம் மாதாமாதம் கொடுப்பது. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள் அன்று தொடங்கலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். காமராஜர் பிறந்தநாள், மேடை எப்படியும் போடுவார்கள். எம்.எல்.ஏ. வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

ஒரு வருடத்துக்குப் பைசா போதும். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு ஒருத்தன் யோசனை சொன்னான். இந்த வருடம் 1999 பேட்ச், அடுத்த வருடம் 2000, அதற்கடுத்து 2001 என்று ஒவ்வொருவராக ஏற்றுக்கொள்வது. சொன்னது யார் தெரியுமா? முதல் நாள் சுண்டலைப் பார்த்துச் சிரித்தவன். 2000 பேட்ச்காரர்கள் யாரையும் எனக்கு நேரடியாகத் தெரியாது, தேட வேண்டும்.

மஸ்கட்_மச்சான் · சனி இரவு 8.40

ஒன்றரை அடிக் கல் போதும். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

பத்மநாபபுரம்_03 · சனி இரவு 10.12

அண்ணே, படித்துக்கொண்டே வந்தேன். கேட்டுக்கு உள்ளே இடதுபக்கம் பெரிய அயனி மரம், அதன் அடியில் சிமென்ட் மேடை, மழைக்காலத்தில் காலை அசெம்பிளி வராந்தாவில். அந்தப் பள்ளிதானே? ஆம் என்றால் நாங்கள் 2003 பேட்ச். எங்கள் முறை வர இன்னும் நாலு வருடம் இருக்கிறதே, அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை மட்டும் எங்களுக்கு விடுங்கள். பயறுக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகுச் சம்மந்தியோடு கொடுக்கலாம். கிழங்கு எங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கிறது.

2000 பேட்சில் என் அக்கா இருக்கிறாள். நம்பர் தனிச்செய்தியில்.

வேளிமலை · சனி இரவு 10.31

அதே பள்ளிதான் தம்பி. பெயரை இங்கே போடாதே, நிர்வாகி வந்துவிடுவார்.

கிழங்கு நல்லதுதான். ஆனால் தோலுரித்து அவிக்க ஆள் வேண்டும். பயறு என்றால் ஊறப்போட்டு ஒரு கொதியில் முடிந்துவிடும், கிழங்கு அப்படி இல்லை. சத்துணவு அக்காமார் மூன்று மணிக்குமேல் நிற்பார்களா, நின்றால் அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை எலக்ட்ரீஷியனோடு நானும் போகிறேன், கேட்டுவிட்டுச் சொல்கிறேன். உன் அக்காவிடம் ஒன்பது மணிக்குள் கூப்பிட்டால் எடுப்பாளா என்று கேட்டு வை.